சீக்கிரம், வேகம், விருட்டென்று: ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எங்கே போடுவது

தமிழில் ‘சீக்கிரம்’ என்ற ஒரே சொல்லை வைத்து மூன்று காரியம் நடத்துகிறோம். ‘சீக்கிரம் சாப்பிடு’ என்றால் கை வேகமாக நடக்க வேண்டும். ‘சீக்கிரம் குணமாகட்டும்’ என்றால் அதிக நாள் ஆகக் கூடாது. ‘இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டேன்’ என்றால் குறித்த நேரத்துக்கு முன்பே வந்தாயிற்று. ஆங்கிலத்தில் இவை மூன்று தனிச் சொற்கள்: குவிக்லி, சூன், எர்லி. மலேசியாவில் நம்மவர்கள் பேசும், எழுதும் ஆங்கிலத்தில் வேகம் தொடர்பான தவறுகளில் பல இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

அலுவலகத்தில் ‘ஐ கேம் ஃபாஸ்ட் டுடே’ என்று சொன்னால், நீங்கள் காரை விரட்டிக்கொண்டு வந்ததாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். சொல்ல வேண்டியது ‘ஐ கேம் எர்லி டுடே’. மருத்துவமனையில் இருப்பவருக்கு ‘கெட் வெல் ஃபாஸ்ட்’ அல்ல, ‘கெட் வெல் சூன்’.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் தமிழ் வாக்கியத்தில் ‘சீக்கிரம்’ இருக்கும் இடத்தில் வேறு சொல்லை வைத்துப் பாருங்கள். ‘வேகமாக’ பொருந்தினால் குவிக்லி. ‘இன்னும் கொஞ்ச நாளில்’ அல்லது ‘கொஞ்ச நேரத்தில்’ பொருந்தினால் சூன். ‘நேரத்தோடு’ பொருந்தினால் எர்லி. ‘நேரத்தோடு வந்துவிட்டேன்’ என்று சொல்ல முடிகிறதா? அப்படியானால் அது எர்லி.

ஃபாஸ்ட், குவிக், ரேபிட்

ஃபாஸ்ட் என்பது வேகத்தைப் பற்றியது, குவிக் என்பது எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பற்றியது. கார், ரயில், ஓட்டக்காரர், இணையத் தொடர்பு எல்லாம் ஃபாஸ்ட். பார்வை, கேள்வி, மதியச் சாப்பாடு, குளியல், தொலைபேசி அழைப்பு எல்லாம் குவிக். மாமாக் உணவுக் கடையில் பத்து நிமிடத்தில் முடித்த சாப்பாடு ‘அ குவிக் லஞ்ச்’. அதையே ‘ஃபாஸ்ட் லஞ்ச்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஃபாஸ்ட் ஃபூட்’ என்பது சமைத்துத் தரும் முறைக்கு நிலைத்துவிட்ட பெயர்.

‘ஃபாஸ்ட்லி’ என்று ஒரு சொல் கிடையாது. ஃபாஸ்ட் அப்படியே வினையடையாகவும் நிற்கும்: ‘ஷீ ரன்ஸ் ஃபாஸ்ட்’. ஆனால் அது வினைக்குப் பின்னால்தான் வரும். ‘ஷீ குவிக்லி க்ளோஸ்ட் த டோர்’ சரி, ‘ஷீ ஃபாஸ்ட் க்ளோஸ்ட் த டோர்’ தவறு. வினைக்கு முன்னால் ஏதாவது போட வேண்டும் என்றால் அது குவிக்லியாகத்தான் இருக்க முடியும்.

நம் ஊர்ப் பேச்சில் ‘கேன் யூ ஃபாஸ்ட் அ பிட்’ என்று அடிக்கடி கேட்கலாம். இங்கே ஃபாஸ்ட் வினையாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் வினையாக வந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: விரதம் இருத்தல். கேட்டது ‘கொஞ்சம் விரதம் இருக்க முடியுமா’ என்று ஆகிவிடுகிறது. பழைய ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் என்றால் உறுதி, அசையாமை என்று பொருள். நோன்பைக் குறிக்கும் ஃபாஸ்ட்டும், ஆழ்ந்த உறக்கத்தைச் சொல்லும் ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’பும் அந்த வேரிலிருந்து வந்தவை. வேகம் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. ‘கேன் யூ ஹரி அப் அ பிட்’ என்று சொல்லுங்கள். மேலதிகாரியிடம் அதுவும் வேண்டாம், அதற்கான சொற்கள் கடைசியில் வருகின்றன.

ரேபிட் என்ற சொல்லை ரேபிட் கேஎல் பேருந்துகளின் மேல் தினமும் பார்க்கிறோம். அதனால் அது சாதாரண ஃபாஸ்ட்டுக்கு மாற்று என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் அது முறையான எழுத்துக்குரிய சொல். வளர்ச்சி, மாற்றம், நாடித்துடிப்பு, பரவல் போன்றவற்றோடு சேரும். ‘ரேபிட் க்ரோத்’, ‘ரேபிட் பல்ஸ்’. ‘மை பிரதர் ரேன் ரேபிட்லி’ என்று எழுதினால் இலக்கணம் இடிக்காது, ஆனால் மருத்துவ அறிக்கை போல ஒலிக்கும். ஸ்விஃப்ட் எழுத்து நடைக்கு அழகான சொல். தாமதமின்றி, தடங்கலின்றி என்ற தொனி அதில் உண்டு. ‘ஸ்விஃப்ட் ஆக்‌ஷன்’ என்றால் அதிகாரிகள் உடனே நடவடிக்கை எடுத்தார்கள்.

அவசரத்துக்கு மூன்று சொற்கள்

‘ஐ ஆம் ஹரி’ என்பது ‘நான் அவசரம்’ என்பதைப் போலக் குறைப்பட்ட வாக்கியம். ‘ஐ ஆம் இன் அ ஹரி’ என்பதே சரி. ‘ஐ ஆம் ரஷிங்’ மலேசியாவில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவரோடு பேசும்போது ‘ஐ ஆம் இன் அ ரஷ்’ என்பது நல்லது. ‘ரஷிங் ஃபார் டைம்’ என்பதற்குப் பதில் ‘ப்ரெஸ்ட் ஃபார் டைம்’.

ஹரி, ரஷ், ஹேஸ்ட் மூன்றும் ஒன்றல்ல. ஹரி என்பது நேரமில்லாமல் விரைவது. அதில் குறை சொல்லும் தொனி இல்லை. ரஷ் அதைவிட ஒரு படி மேல். வேலை சரியாக அமையாமல் போகும் அளவுக்கு அவசரம். ‘டோன்ட் ரஷ் மீ’ என்றால் ‘என்னை நெருக்காதே’. ஹேஸ்ட் என்பது நம்முடைய பதற்றத்துக்குப் பக்கம். ‘அ ஹேஸ்டி டிசிஷன்’ என்றால் யோசிக்காமல் எடுத்த முடிவு. ‘பதறிய காரியம் சிதறும்’ என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் ‘மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்’ என்பார்கள். ஸ்பீட் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வெற்றி, காரியசித்தி என்று பொருள். அதை வைத்துப் படித்தால் பழமொழி நேராக விளங்கும்: பதறினால் காரியம் கைகூடாது.

ரஷ்ஷுக்கு இன்னொரு முக்கியமான வேலை உண்டு. ஒருவரை அவசரமாக எங்காவது கொண்டு சேர்ப்பதற்கும் அதுவே வினை. ‘ஹீ வாஸ் ரஷ்ட் டு ஹாஸ்பிட்டல்’ என்பது விபத்துச் செய்திகளில் தினமும் வரும் வாக்கியம். நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், சிகிச்சைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஹாஸ்பிட்டலுக்கு முன் ‘த’ வராது. மாதாந்திரப் பரிசோதனைக்கு அம்மாவை அழைத்துப் போனதற்கு ரஷ் போடக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று படிப்பவர் பதறிவிடுவார்.

இரட்டைக்கிளவியிலிருந்து வினைக்குப் போவது

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுநாயகமான இடம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில், ஆங்கிலம் தாள் 2-இன் மூன்றாம் பகுதியில் 200 முதல் 250 சொற்களில் எழுத வேண்டும். கதை எழுதுகிறவர்கள் அதற்குள் நாலு தடவை ‘ரேன் வெரி ஃபாஸ்ட்’ என்று எழுதிவிட்டால் நடை தட்டையாகிவிடுகிறது. இதற்கு மருந்தாக ஆங்கில வினைகளின் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அது பயன் தருவதில்லை. பட்டியலில் பொருள் மட்டும் இருக்கும், தொனி இருக்காது. சுண்டெலிக்குரிய சொல்லை யானைக்குப் போட்டுவிடுவோம்.

தமிழருக்கு இதைவிட நல்ல குறுக்குவழி இருக்கிறது. ஓட்டத்தின் தன்மையைத் தமிழ் வினைக்கு முன்னால் நிற்கும் ஒலிக்குறிப்பில் வைக்கிறது: குடுகுடுவென, விறுவிறுவென, தடதடவென, விருட்டென. ஆங்கிலம் அதே தன்மையை வினைக்குள்ளேயே வைக்கிறது. ஆகவே முதலில் காட்சியைத் தமிழில் மனதுக்குள் சொல்லுங்கள். எந்த ஒலிக்குறிப்பு நாக்கில் வருகிறது என்று கவனியுங்கள். அதற்குரிய ஆங்கில வினையைத் தேடுங்கள்.

குடுகுடுவென ஓடுவது சின்னக் குழந்தையும் அணிலும். எட்டுகள் சிறியவை, கால்கள் மாறி மாறி விழும். மகிழ்ச்சியான ஓட்டம் என்றால் ஸ்கேம்பர். பயமோ அவசரமோ கலந்திருந்தால் ஸ்கரி: மழை தூறியதும் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தை நோக்கிக் கூட்டம் ஓடுவது ஸ்கரி. நண்டும் கரப்பான்பூச்சியும் ஓடுவதற்கு ஸ்கட்டில்.

விறுவிறுவென நடப்பது ஸ்டிரைட். நீண்ட எட்டுகள், தன்னம்பிக்கை, எங்கே போகிறோம் என்ற தெளிவு. கோபத்தோடோ பிடிவாதத்தோடோ அப்படி நடந்தால் மார்ச்: ‘ஷீ மார்ச்ட் இன்டு த ஆஃபீஸ்’ என்று படித்ததும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் அவர் திரும்ப மாட்டார் என்று தெரிந்துவிடும்.

விருட்டென எழுந்து போவதில் கோபம் இருக்கிறது. ‘ஹீ ஸ்டார்ம்ட் அவுட்’. கோபம் இல்லாத இடத்தில் ஸ்டார்ம் போடக் கூடாது. கழிவறைக்கு அவசரமாகப் போகிறவர் ஸ்டார்ம் ஆக மாட்டார், டாஷ் ஆவார்.

தடதடவெனப் படியிறங்குவது தண்டர். கனமான காலடிச் சத்தம் அதில் கேட்கும். மரப்படியில் செருப்புச் சத்தம் கலகலத்தால் க்ளேட்டர்.

சட்டென்று பாய்வது டார்ட். திசை மாறும், கண்ணுக்குத் தப்பும். பல்லி, மீன், சாலையின் குறுக்கே வரும் பூனை எல்லாம் டார்ட். கண் அங்குமிங்கும் அலைவதற்கும் இதே சொல்: ‘ஹிஸ் ஐஸ் டார்டட் அரவுண்ட் த ரூம்’.

தலைதெறிக்க ஓடுவது போல்ட். குதிரை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் இது. எனவே மிரட்சியும் தப்பித்தலும் அதோடு கூடவே வரும். பிடிபட்ட திருடன் கையை உதறிக்கொண்டு ஓடினால் போல்ட். பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடுகிறவருக்கு அது பொருந்தாது, அங்கே ஸ்பிரின்ட்.

ஸ்பிரின்ட் என்பது முழுப் பலத்தையும் கொடுத்துக் குறுகிய தூரம் ஓடுவது. தடகளத்தில் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள் ஸ்பிரின்ட் வகை. 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும், அஞ்சல் ஓட்டத்திலும் தங்கம் வென்ற மலேசியாவின் டாக்டர் மணி ஜெகதீசன் ஸ்பிரின்டர். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடி வைத்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது. பத்து கிலோமீட்டர் ஓடுகிறவரை ஸ்பிரின்டர் என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். அந்த ஓட்டத்தின் கடைசி நூறு மீட்டருக்கு மட்டும் அது பொருந்தும்: ‘ஷீ ஸ்பிரின்டட் டு த ஃபினிஷ்’.

அடித்துப் பிடித்துக்கொண்டு போவது ஸ்க்ராம்பிள். கையும் காலும் முட்டிக்கொள்ளும், ஒழுங்கு இருக்காது. ‘தே ஸ்க்ராம்பிள்ட் ஃபார் சீட்ஸ்’ என்பது கொமுட்டர் ரயிலின் கதவு திறக்கும் நேரத்துக் காட்சி.

திமுதிமுவெனக் கூட்டம் வருவதற்குத்தான் மிகவும் கவனம் வேண்டும். அகராதியைப் பார்த்து ஸ்டாம்பீட் என்று போட்டுவிடுவார்கள். ஸ்டாம்பீட் என்றால் மிரண்ட கூட்டம் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடுவது. செய்தியில் அந்தச் சொல் வந்தால் உயிர்ச்சேதம் இருக்குமோ என்றுதான் படிப்பவர் தேடுவார். தைப்பூசத்தன்று பத்து மலைக்குள் கூட்டம் வருவதை எழுத ‘போர்ட் இன்’ அல்லது ‘ஸ்ட்ரீம்ட் இன்’ போதும். வெள்ளம் போல வந்தது என்று நாம் சொல்வதும் இதுவும் ஒரே உருவகம்தான்.

திசையை மறக்காதீர்கள்

தமிழில் ‘ஓடி வெளியே வந்தான்’, ‘ஓடிப்போய் ஏறினான்’, ‘ஓடிக் கடந்தான்’ என்கிறோம். ஓட்டம் எச்சமாக முன்னால் நிற்க, திசை முற்றுவினையில் முடிகிறது. ஆங்கிலம் இதைத் தலைகீழாக வைக்கும்: ஓட்டம் முற்றுவினையாகும், திசை ஒரு சின்னச் சொல்லாகச் சுருங்கிப் பின்னால் வரும். வந்தான் என்பது அவுட் ஆகும், ஏறினான் என்பது அப் அல்லது ஆன்டு ஆகும், இறங்கினான் என்பது டவுன், கடந்தான் என்பது அக்ராஸ், தாண்டிப் போனான் என்பது பாஸ்ட், நுழைந்தான் என்பது இன்டு. ‘ஹீ கேம் அவுட்சைட் பை ரன்னிங்’ என்பது தமிழை அப்படியே ஆங்கிலச் சொற்களில் எழுதியது. ‘ஹீ ரேன் அவுட்’ மூன்றே சொல்லில் காரியத்தை முடித்துவிடும்.

இந்தச் சின்னச் சொற்கள் சில இடத்தில் பொருளையே மாற்றிவிடும். ‘ரேன் இன்டு த ஹவுஸ்’ என்றால் வீட்டுக்குள் ஓடினான். ‘ரேன் இன்டு த வால்’ என்றால் சுவரில் மோதினான். ‘ரேன் இன்டு மை டீச்சர்’ என்றால் பிரிக்ஃபீல்ட்ஸில் தற்செயலாக ஆசிரியரைப் பார்த்தான். ‘ரேன் அவுட் ஆஃப் த ஷாப்’ என்றால் கடையிலிருந்து ஓடினான். ‘ரேன் அவுட் ஆஃப் பெட்ரோல்’ என்றால் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஓவர். பூனையிடம் ஓடிப் போனாள் என்பதற்கு ‘ஷீ ரேன் ஓவர் டு த கேட்’. நடுவில் இருக்கும் ‘டு’ விட்டுப்போனால் வண்டியைப் பூனை மேல் ஏற்றிவிட்டாள் என்று பொருள்.

வண்டிகளுக்கு

வண்டி ஓட்டுவதில் ‘ஸ்பீடிங்’ என்பது வேகமாகப் போவது அல்ல, அனுமதித்த வேகத்தை மீறுவது. நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வரம்பு இருக்கும் இடத்தில் 105-இல் போகிறவர் ஸ்பீடிங் செய்யவில்லை. 30 கி.மீ. வரம்புள்ள பள்ளிக்கூடப் பகுதியில் 50-இல் போகிறவர் செய்கிறார், சம்மனும் வரலாம். காப்புறுதிப் படிவத்திலோ போலீஸ் புகாரிலோ ‘ஐ வாஸ் ஸ்பீடிங்’ என்று எழுதுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும். வேகமாகப் போனதை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘ஐ வாஸ் டிரைவிங் அட் அபவுட் நைன்டி’ என்று எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

மோட்டார் சைக்கிள் ஒன்று நம்மை உரசுவது போலத் தாண்டினால் ‘ஸூம்ட் பாஸ்ட்’. நெரிசலில் நெளிந்து நெளிந்து போனால் ‘வீவ்ட் த்ரூ த டிராஃபிக்’. பொம்பா (தீயணைப்பு) வண்டி விபத்து நடந்த இடத்துக்கு விரைவதற்கு ரேஸ்: நேரத்தோடு போட்டி போடுவது. இதயம் படபடப்பதற்கும் இதே ரேஸ்தான்: ‘மை ஹார்ட் வாஸ் ரேஸிங்’.

எழுதிய பத்தியைத் திருத்துவது

முதல் வரைவில் சொல்லைத் தேடி நிற்காதீர்கள், ‘ரேன் ஃபாஸ்ட்’ என்றே எழுதிக்கொண்டு போங்கள். முடித்தபின் பென்சிலால் ஃபாஸ்ட், வெரி ஃபாஸ்ட், குவிக்லி எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றிலும் யார், ஏன், எங்கிருந்து எங்கே என்று கேளுங்கள். தமிழ் ஒலிக்குறிப்பைச் சொல்லிப் பார்த்து வினையை மாற்றுங்கள், ஃபாஸ்ட்டை அடித்துவிடுங்கள், திசைச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்து மலையின் 272 படிகளில் நடக்கும் காட்சி ஒன்று. முதல் வரைவு: ‘அ மங்கி கேம் வெரி ஃபாஸ்ட் அண்ட் டுக் த பேக் அண்ட் ரேன் வெரி ஃபாஸ்ட். மை பிரதர் ஆல்ஸோ ரேன் வெரி ஃபாஸ்ட்’. குரங்கு சட்டென்று பாய்ந்தது, பிடுங்கியது, குடுகுடுவெனப் படியேறியது. அண்ணன் கண்மண் தெரியாமல் துரத்தினான். திருத்தியது: ‘அ மங்கி டார்டட் அவுட், ஸ்நாட்ச்ட் த பேக் அண்ட் ஸ்கேம்பர்ட் அப் த ஸ்டெப்ஸ். மை பிரதர் டோர் ஆஃப்டர் இட்’. சொற்கள் குறைந்திருக்கின்றன, காட்சி கூடியிருக்கிறது.

அளவு முக்கியம். ஒரு பத்திக்கு இப்படிப்பட்ட வினை இரண்டோ மூன்றோ போதும். எல்லோரும் எப்போதும் டார்ட் ஆகி, போல்ட் ஆகி, ஸ்டார்ம் ஆகிக்கொண்டிருந்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். மீதி இடங்களில் வெறும் ‘ரேன்’, ‘வென்ட்’ இருக்கட்டும். ‘ரேன்’ மிக நல்ல சொல். ‘டாஷ்ட் குவிக்லி’ என்று இரண்டையும் சேர்க்கவும் வேண்டாம். டாஷ் என்பதிலேயே வேகம் இருக்கிறது.

இறந்தகால வடிவத்தில்தான் கடைசி இடறல். ஸ்டிரைட் ஸ்டிரோட் ஆகும், கண்மண் தெரியாமல் பாய்வதைச் சொல்லும் டேர் டோர் ஆகும், ஷூட் ஷாட் ஆகும். ஸ்பீட் என்பது பாய்ந்து போனதற்கு ‘ஸ்பெட்’. வேகத்தைக் கூட்டியதற்கு ‘ஸ்பீடட் அப்’ என்றும் எழுதலாம். தப்பியோடுவது ஃப்ளீ, அதன் இறந்தகாலம் ஃப்ளெட். பறப்பதன் இறந்தகாலமான ஃப்ளூவோடு இதைக் குழப்பிவிடாதீர்கள்.

அலுவலகத்தில் அவசரப்படுத்துவது

‘வேக வேகமா’ என்று நாம் இரட்டிப்பதும் மலாயில் ‘செப்பாட் செப்பாட்’ என்று இரட்டிப்பதும் சேர்ந்துதான் நம் ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட் ஃபாஸ்ட்’ ஆகியிருக்கிறது. நண்பர்களிடம் அதில் ஒரு குறையும் இல்லை. நம் ஊரின் இயல்பான பேச்சு அது. நேர்காணலிலும் மின்னஞ்சலிலும் மட்டும் தவிர்க்க வேண்டும். ‘சாப் சாப்’ பிரிட்டிஷ்காரர்களுக்கும் தெரிந்த சொல்தான், ஆனால் குழந்தையை விரட்டுவது போன்ற தொனி. மூத்தவரிடம் சொல்லவே கூடாது. ‘ஆஸ் சூன் ஆஸ் பாஸிபிள்’ கீழே வேலை செய்பவரிடம் சரி, மேலதிகாரிக்கும் வாடிக்கையாளருக்கும் அது கட்டளை போல விழும். ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ மரியாதையாக இருக்கும். ஆனால் அவருக்கு வசதிப்பட்டபோது என்று பொருள் என்பதால் இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தாலும் கேட்க முடியாது. ‘ப்ராம்ப்ட் ரிப்ளை’ என்றால் தாமதமில்லாத பதில். ‘வீ வுட் அப்ரீஷியேட் அ ப்ராம்ப்ட் ரிப்ளை’ எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும்.

உண்மையிலேயே அவசரம் என்றால் வேகச் சொற்களை எல்லாம் விட்டுவிட்டு நேரத்தை எழுதுங்கள்: ‘குட் யூ ப்ளீஸ் செண்ட் இட் பை த்ரீ ஓ க்ளாக் டுடே’. எதற்காக மூன்று மணி என்பதை அடுத்த வரியில் சொல்லிவிடுங்கள்.